கத்திப்பெட்டிமேல் பச்சைத் துணி

ஜூன் 3, திங்கள்
காலையில் லேத் பெல்ட் அறுந்தது. மதியம் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் போன். வாழைநார் எடுக்கும் என் மிஷினின் காப்புரிமையை மொத்தமாக எழுதித் தர வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால், நான் கண்டுபிடித்ததை மேலப்பாளையத்தில் என் பட்டறையிலேயே நான் செய்யக் கூடாது. நல்ல நியாயம்! செய்து விற்க உரிமம் தருகிறேன், காப்புரிமை என்னிடமே இருக்கும் என்றேன். வாப்பா தென்னந்தோப்பைக் குத்தகைக்குத்தான் விட்டார், விற்கவில்லை.

ஜூன் 11
வக்கீல் நோட்டீஸ். விண்ணப்பிப்பதற்கு முன்பே மிஷினை ஊருக்குக் காட்டிவிட்டேனாம், காப்புரிமை செல்லாதாம். காப்புரிமையை அவர்களுக்கே விற்றால் வழக்குப் போட மாட்டார்களாம்.

காட்டியது உண்மைதான். முதலில் ஓட்டிய அன்று ஃபாத்திஹா ஓதி, தெருவையே கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தோம். யாரோ எடுத்த வீடியோ கம்பெனி வரை போயிருக்கிறது. புது மிஷினை இந்த ஊரில் யார் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டுவார்கள்? — போச்சே. என் கையாலேயே கெடுத்துக்கிட்டேனே.

ஜூன் 12
சோறு இறங்கவில்லை.

ஜூன் 14
வக்கீல் காந்திமதிநாதன் அண்ணாச்சி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “நஃபீஸத், இதென்னம்மா பச்சைத் துணி?”

“கத்திப்பெட்டி அண்ணாச்சி, நாரைச் சீவுற கத்தி அதுக்குள்ளதான் இருக்கு. மாமி மூடிட்டாங்க.”

“ஏளா, ஊரு கண்ணு பொல்லாதது, மூடித்தான் ஓட்டணும்” என்று மிஷினை முதலில் ஓட்டியபோது மாமியார் ஜுபைதா பீவி ஒரே பிடிவாதம். கூட்டம் கலையும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “நார் வெளிய வாரது தெரியுது. உள்ள என்ன நடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. காப்புரிமை அந்தக் கத்திக்குத்தானே? பதறாதீங்க, நான் பதில் போடுதேன்.”

வீட்டுக்கு வந்ததும் மாமியைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஜூலை 2
நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள். “உரிமமே போதும் மேடம்.” மேடமாம்!

ஆகஸ்ட் 9
ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்கள் விற்கும் ஒவ்வொரு மிஷினிலும் எனக்குப் பங்கு. ஆற்றங்கரை ஊர்களுக்கு நானே செய்து விற்பேன். ஜெயித்துவிட்டேன். பெருமையடிக்கிறேன்தான், யார் கேட்பது?

ஆகஸ்ட் 30
ஸ்ரீவைகுண்டம் போகும் மிஷினை இன்று ஓட்டிப் பார்த்தோம். காப்புரிமைப் பத்திரத்தை இப்போது யாரும் படிக்கலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சுவிட்சைத் தொடும் முன் கேட்டேன், “மாமி, துணி எங்க?”

“இப்ப எதுக்குளா?” என்றார், மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டே.

“ஊரு கண்ணு, மாமி.”