தங்க ஊசி

1940 டிசம்பர் 4, மைசூர்

என் மூட்டுவாதத்துக்கென்று மதராஸிலிருந்து வந்த, தங்க உப்பு கலந்த ஊசி மருந்தை என் மகன் எலியேசர் தன் மாமியார் செலினுக்குக் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடங்கிக் கிடந்த என் விரல்கள் போன வருஷம் இந்த மருந்தால்தான் பேனா பிடித்தன. இப்போது மறுபடி வீங்குகின்றன. யுத்தம், இனி மருந்து வராது. டாக்டரும் பட்டாளத்துக்குப் போய்விட்டார். இருப்பது இந்த ஒரு பெட்டி.

"அத்தைக்கு முட்டியே நீட்ட முடியலப்பா. நீங்க நடக்கிறீங்கல்ல" என்கிறான்.

நடப்பது குற்றமா?

1941 பிப்ரவரி 5

புதன்தோறும் கம்பவுண்டர் சித்தையன் வந்து ஊசி போடுகிறான். நஞ்சன்கூட்டிலிருந்து இங்கே தூக்கிக்கொண்டு வந்த செலின் இன்று தெருக்கோடி வரை நடந்தாள். எனக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

மார்ச் 12

செலினுக்கு வாயெல்லாம் புண். கையில் தடிப்பு. தங்கம் சூடாம், குளிர்ச்சி கொடுத்தால் அடங்குமாம். மருமகள் ஜூடித் மோரும் இளநீரும் ஊற்றுகிறாள். சித்தையனும் தலையாட்டுகிறான்.

டாக்டர் என்னிடம் சொன்னது வேறு. வாயில் ஒரு புண் வந்தாலும் ஊசியை நிறுத்திவிட வேண்டும், மீறினால் உயிருக்கு ஆபத்து என்றார்.

ஊசியை நிறுத்து என்று ஜூடித்திடம் சொன்னேன்.

"மருந்து வேணும்னா வேணும்னு கேளுங்க மாமா. எங்கம்மா புண்ண ஏன் சாக்கா வச்சுக்கிறீங்க?"

டாக்டர் சொன்னார் என்று சேர்த்திருந்தால் நிறுத்தியிருப்பாள். ஏன் சேர்க்க வேண்டும்? பள்ளிக்கூடம் போகாமல் தானாகப் படித்த நான் சொன்னால் அது பேச்சில்லையா?

மார்ச் 19

இன்றும் போட்டார்கள். நான் பேசவில்லை.

மார்ச் 27

செலினுக்கு உடம்பெல்லாம் தோல் உரிகிறது. கதவருகே போனேன். "எரியுதுங்க சம்பந்தி" என்றாள். திரும்பி வந்துவிட்டேன். நான் சொல்லலையா? சொன்னேனே — ஒரு தடவை சொன்னா போதாதா? காலில் விழணுமா?

ஏப்ரல் 2

காலையில் அடக்கம்.

ஏப்ரல் 8

பெட்டியில் இன்னும் மருந்து இருக்கிறது.

எலியேசர் அதை இன்றே என் அறையில் கொண்டு வந்து வைக்க வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

சித்தையன் நாளைக்கே வந்து எனக்கு இந்தப் பெட்டியிலிருந்து முதல் ஊசி போட வேண்டும்.

ஜூடித் தினமும் என் வாயைத் திறந்து, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சித்தையனைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இது டாக்டர் உத்தரவு என்று எலியேசர் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.