ஈரமில்லாத படி

அண்ணா,

ரெம்பாவில் நான் குடியிருக்கும் கடைவீட்டு மாடிப்படிகளுக்கு இன்று காலை வீட்டுக்காரச் சீனர் ரப்பர் பட்டை அடித்துவிட்டுப் போனார். மேல்வீட்டுப் பிள்ளை போன வாரம் உருண்டு விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதால் வந்த ஞானம். புது ரப்பர் வாடை இன்னும் மாடி முழுக்க நிற்கிறது. உங்கள் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாடையோடு நீங்களும் ஏறி வந்துவிட்டீர்கள்.

பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் நீங்கள் கணக்கெழுதும் பெரிய கிராணி, நான் உங்களுக்குக் கீழே சின்னக் கிராணி. படி விஷயத்தில் உங்களைப் போல் கவனக்காரரை நான் பார்த்ததில்லை. ஸ்டோர் படியில் எண்ணெய் சிந்தினால் சாம்பல் தூவச் சொல்வீர்கள். பாசி பிடித்தால் தேங்காய் நாரால் தேய்க்க ஆள் விடுவீர்கள். நான் இரண்டு கையிலும் சாமான் தூக்கிக்கொண்டு இறங்கினால் திட்டு விழும். "ஒரு கை கைப்பிடியில இருக்கணும்டா. ரெண்டு நடையா கொண்டு போயேன், யாரு உன்னை விரட்டுறா?"

ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, கூலிகளோடு பேர் பதிய ஒரு கிராணியும் போக வேண்டும் என்றார்கள். நீங்கள்தான் என்று முடிவாயிற்று. முன்னால் போன கூட்டத்திலிருந்து ஒரு தகவலும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிளம்பும் நாள் நெருங்கியபோது, வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு ஜப்பான்காரன் குடியிருந்த பங்களாவின் வாசல்படியில் விழுந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலை முட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாசிடா. வழுக்கிடுச்சு." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

அந்த வாரம் மழையே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். படி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உங்களுக்குப் பதிலாக லாரியில் நான் ஏறினேன். வேண்டுமென்றே காலை ஒடித்துக்கொண்டீர்கள் என்ற எண்ணமும் என்னோடு ஏறியது.

சயாமைப் பற்றி எழுதப் போவதில்லை. போனவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை. நான் வந்து நின்ற அன்று அண்ணி அழுதார்கள். நீங்கள் "சாப்பிட்டியா?" என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கால் எலும்பு கோணலாகக் கூடி, கால் குட்டையாகியிருந்தது. நீங்கள் விந்தி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மலிவாகத் தப்பித்தீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பியது அதனால்தான். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கருமாதிக்கு முத்தையா வந்திருந்தார். அந்தக் காலத்தில் பங்களாவில் சமையல் பார்த்தவர். இப்போது தொண்டு கிழம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"பெரிய கிராணி விழுந்ததை அடுப்படி ஜன்னல்ல நின்னு பார்த்தேன், சின்னக் கிராணி. பாதிப் படி எறங்கிட்டாரு. ஜப்பான்காரன் வெளிய வந்து 'ஓய்'ன்னான். இவரு திரும்பி நின்னு குனிஞ்சாரு. அதோட விட்டிருக்கலாம்லா. குனிஞ்ச வாக்கிலேயே பின்பக்கமா எறங்குறாரு. கைப்பிடியைத்தான் வெறகுக்குப் புடுங்கிட்டானுங்களே."

"பின்பக்கமா எறங்கச் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான்? வெள்ளைக்காரத் தொரைக்கு முதுகு காட்டாம எறங்குவீங்களே நீங்கள்லாம், அந்தப் பழக்கம். இவரு உருண்டதைப் பார்த்து ஜப்பான்காரன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். தூக்கப் போன என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. தம்பிகிட்ட சொல்லிடாதேன்னாரு. இப்பதான் அவரே போயிட்டாரே."

கிராணிகளைத் தவிர வேறு யாரும் அப்படி விழுந்திருக்க முடியாது. நானும் அதே படியில், அதே மாதிரி, வெள்ளைக்காரத் துரையின் முன்னால் பின்பக்கமாக இறங்கியவன்தான். நான் உங்களைக் கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஜப்பான்காரன் சிரித்தது மட்டும் எனக்குத் தெரியக் கூடாது என்று இருந்துவிட்டீர்கள்.

சந்தேகம் தீர்ந்தது. மனசு லேசாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை. சயாமுக்குப் போனவன் நான்தான், அது மாறப் போவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு தடவை நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு கரண்டிச் சோற்றுக்காக நான் யார் யார் முன்னால் எப்படியெல்லாம் குனிந்தேன் என்று சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லக்கூடியது இல்லை அது. என்னிடமே இருக்கிறது.