இரண்டு பேருக்கு ஒரே சீட்டு

ஜூலை 9, வியாழன்

காலையில் கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பில் 'எக்ஸ்பிரஷன்' பாடம் நடத்தினேன். மொழிப் பாடத்தில் அது சொற்றொடர், முகத்தில் வந்தால் உணர்ச்சி, புரோகிராமில் எழுதினால் கடைசியில் ஒரு மதிப்பு வந்தே தீரும் என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

மதியம் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் விவாகரத்துக்கு முன்பான கடைசி கவுன்சலிங். என் கணவர் முந்திக்கொண்டார். "இவ மனசில உள்ளத ஒரு நாளும் வாய் தொறந்து சொன்னதில்ல மேடம். செவருகிட்ட பேசுயது போல ஆக்கும்." உங்களுக்கு ஏதாவது சொல்ல உண்டா என்று கவுன்சலர் மேடம் என்னைக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். வேறு என்ன செய்ய?

வெளியே வந்தால் இருவருக்கும் ஒரே பஸ். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால். "பாறசாலை ரெண்டு" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு வந்தது. எப்போதும் நான்தான் பத்திரமாக வைப்பேன். என்னிடம் நீட்டினார்.

பாறசாலையில் இறங்கியதும், "வாறேன்" என்றார், பழைய பழக்கத்தில்.

வாங்க என்றாவது நான் சொல்லியிருக்கலாம். சீட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.