பூசணிக்கு இருபது அடி

ஜன. 20, செவ்வாய்
காலை எட்டு வரை பனி. ஆபீஸ் பஸ் தாமதம். கேளம்பாக்கம் முனையில் இருபது நிமிடம் நின்றேன்.

ராட்சதப் பூசணி விதை மூன்றும் முளைத்து முழ உயரம். விதை கொடுத்த ஆபீஸ்காரர் இன்று சாவகாசமாகச் சொல்கிறார்: செடி ஒன்றுக்கு இருபதுக்கு இருபது அடியாவது வேண்டுமாம். என் பாத்தி பத்துக்குப் பன்னிரண்டு. இதை முன்பே சொல்வதற்கென்ன?

எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்து வீடுகளுக்கு மட்டும் பின்புறம் ஆளுக்கொரு பாத்தி. எனக்கும் பக்கத்து வீட்டு நூர்ஜஹானுக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த செங்கல் வரிசைதான் எல்லை. அவள் பக்கம் கீரை, மிளகாய். சாயங்காலம் எட்டிப் பார்த்தாள். "ரெண்ட புடுங்கிடுங்கக்கா. மூணும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சிகினு எதுவும் தேறாது."

நன்றாக வருகிறதே என்று வயிற்றெரிச்சலோ?

ஜன. 23, வெள்ளி
இரண்டைப் பிடுங்கினேன். அவள் சொன்னதற்காக இல்லை. வீடியோவிலும் அதேதான். இலை முறம் அளவு விரியுமாம், கணுவுக்குக் கணு வேர் இறங்குமாம். நெருக்கி வைத்தால் எல்லாம் சூம்பிப் போகும். ஒரு செடி, ஒரு காய். பிடுங்கியதைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

வாங்க: மண்புழு உரம், காபித்தூள், அவருக்கு பிளேடு.

ஜன. 27, செவ்வாய்
செங்கல் நகர்ந்திருக்கிறது. என் பக்கம் அல்ல, அவள் பக்கம். டேப் வைத்து அளந்தேன். பத்தடி இருந்தது, இப்போது பதினொன்று.

ஜன. 31, சனி
பன்னிரண்டரை. அவள் கீரையில் ஒரு வரிசையே காணோம்.

தன் இடத்தை யாராவது சும்மா விடுவார்களா? யோசித்தவை:
- நான் எல்லை தாண்டினேன் என்று பிறகு புகார் செய்ய.
- கொடி அந்தப் பக்கம் போனால் காய் என்னுடையது என்று சொல்ல.
- அந்த மண்ணில் ஏதோ கோளாறு. என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

அவரிடம் சொன்னேன். போய்க் கேட்டுவிடேன் என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். கேட்டால் உஷாராகிவிட மாட்டாளா?

பிப். 4, புதன்
துணி காயப் போடும்போது அவள் ஜன்னலிலிருந்து போன் பேச்சு. "அவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. நீ யாராண்டயும் சொல்லிகினு இருக்காத, இன்னா?"

'அவங்க' யார்? நான்தான். வேறு யார்?

காலையில் போட்ட மாத்திரை நினைவில்லை. இரண்டாவது தடவை போட்டேனா?

பிப். 5, வியாழன்
முதல் பெண் பூ. ஆறரைக்கே போய் ஆண் பூவைக் கிள்ளி மகரந்தம் தடவினேன். பூ இருக்கும் இடம் பழைய எல்லைக்கு மூன்றடி அந்தப் பக்கம். செங்கல் இப்போது பதினைந்தில்.

பிப். 8, ஞாயிறு
பிஞ்சு எலுமிச்சை அளவு. உதிராமல் நின்றுவிட்டது. சந்தோஷத்தோடு பயமும். இனி அவள் வாயைத் திறப்பாள்.

அவள் முந்துவதற்குள் நானே குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனேன். எல்லைக் கல்லை நகர்த்துகிறாள், எதற்கென்று தெரியவில்லை என்றேன். விசாரிக்கிறேன் என்றார். இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

பிப். 11, புதன்
இதை எழுதவே பிடிக்கவில்லை.

செயலாளர் சாயங்காலம் டேப்போடு வந்தார். அவள் வீட்டு ஓனரிடம் விசாரித்தாராம், நூர்ஜஹான் குடும்பம் இந்தச் சனிக்கிழமை காலி செய்கிறது. இனி தரைத்தளத்தில் யார் வந்தாலும் பாத்தி கிடையாதாம். அந்த இடம் பைக் நிறுத்த. பழைய எல்லையைத் தாண்டிய கொடியை ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும். புகார் கொடுத்தது நான் என்பதை அவள் எதிரிலேயே சொன்னார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

அவர் போன பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. ஓனர் மகனுக்கு வீடு வேண்டுமாம். நோன்பு தொடங்குவதற்குள் கோவளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு மாதமாகவே தெரியுமாம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மறுநாளே செயலாளரு எடத்த வண்டிக்கு வுட்ருப்பாரு. கொடி இந்தாண்ட வந்து காய் வுட்டுச்சினா அத்த வெட்ட யாருக்கும் மனசு வராது. அதுக்குத்தான் ஓசைப்படாம கல்ல தள்ளிகினு இருந்தேன்."

போனில் பேசியது அண்ணனிடம். 'அவங்க' சங்கத்துக்காரர்களாம்.

டீ கொடுத்தாள். குடித்தேன்.

பிப். 12, வியாழன்
அரை நாள் லீவு. மத்தியான வெயிலில் கொடி துவண்டிருக்கும்போது மெல்ல வளைத்தால் ஒடியாதாம். இரண்டு மணிக்கு நான் குனிந்ததுமே அவளும் வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. மண்ணில் இறங்கிய வேரை அவள் ஒவ்வொன்றாக விடுவித்தாள், நான் காயைத் தாங்கிக்கொண்டேன். பாதி வளைவில் ஒரு கணு கீறிவிட்டது. அவள்தான் ஈர மண் வைத்து அணைத்தாள்.

காய் பழைய எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது. ஆனால் பத்தடிக்குள் சுருட்டிய கொடி. ராட்சதக் காய்க்கு இனி வாய்ப்பில்லை.

பிப். 13, வெள்ளி
நுனி இலை வாடல். காய் பசுமைதான். கேஸ் புக் செய்ய வேண்டும். வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை, நல்லவேளை.

பிப். 14, சனி
டெம்போ பத்தரைக்கு வந்தது. பீரோவை ஏற்ற ஒரு மணி நேரம். மிளகாய்ச் செடி நாலைந்தை வேரோடு பிடுங்கிப் பழைய பெயின்ட் டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.

ஏறப் போகும்போது பக்கத்தில் போய் நின்றேன். தப்பு செய்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

"நீங்க தெனம் காலைல டேப்பு வெச்சி அளக்கறத ஜன்னல்லேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள்.

"பாத்துட்டு ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேங்க்கா."