மச்சான் கையில் கொடுத்த விண்ணப்பம்

மரியே துணை
காரிமங்கலம்
20.8.1989

அன்புள்ள மச்சான் அருள்சாமிக்கு,

பிலவேந்திரன் எழுதுவது. இங்கே உன் தங்கை ராஜமேரி, பிள்ளைகள், நான், மண்டியில் அடுக்கியிருக்கிற புளி எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதச் சொன்னாள் உன் தங்கை. மெஸ் சோறு தின்கிறவன் எங்கே சுகமாக இருப்பான் என்று அவளே பதிலும் சொல்லிவிட்டாள்.

பேப்பர் பார்த்தாயா? கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக வேண்டுமானால் இனிமேல் யூ.ஜி.சி. நடத்துகிற தகுதித் தேர்வில் தேற வேண்டுமாம். டிசம்பரில் தேர்வு. இத்தனை வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர் என்று வாசற்படியிலேயே நிற்கிற உனக்கு நல்ல காலம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. நானும் எழுதப் போகிறேன்.

சிரிக்காதே. சேலத்தில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பொருளாதாரம் படித்தோம். அப்பா படுத்த படுக்கையானதும் நான் சாக்குத் தூக்க வந்தேன், நீ எம்.ஏ. சேர்ந்தாய். அதே எம்.ஏ.வை நான் தபாலில் படித்து வாங்கினேன். தேர்வுக்குக் கேட்கிற மார்க் என்னிடம் இருக்கிறது. மண்டி நன்றாகத்தான் நடக்கிறது, குறை சொன்னால் வாய் அழுகும். இருந்தாலும் ஒரே ஒரு தடவையாவது ஒரு வகுப்பில் நின்று, விலை பேசாமல் ஒரு மணி நேரம் பேச வேண்டும் மச்சான். இருபது வயதிலிருந்து அந்த ஆசை.

போன வாரம் லோடு லாரி தொப்பூர்க் கணவாயில் அச்சு முறிந்து நின்றது. மெக்கானிக் வரும்வரை ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் மாரியப்பன் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க மொதலாளி, கோர்ட்டு கேஸுங்களா?"

"இல்லப்பா. காலேஜ் வாத்தியார் ஆவறதுக்குப் பரீச்சை."

"அடக் கடவுளே! யாவாரம் நொடிச்சுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு ஆறுதலாக அவனே டீயும் வாங்கிக் கொடுத்தான்.

விண்ணப்பப் படிவம் சென்னையில் கிடைக்குமாம். இரண்டாக வாங்கு. வாரம் ஒரு கேள்வி எழுதி அனுப்பு, பதில் எழுதி அனுப்புகிறேன். திருத்து. தயவு பார்க்காதே.

உன்
பிலவேந்திரன்


சென்னை
3.9.1989

பிரியமுள்ள மாப்பிள்ளை,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை. உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

படிவம் இரண்டு வாங்கி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சான்றிதழ் நகல்களில் அரசு அதிகாரி கையெழுத்து வாங்கு. அக்டோபர் நடுவில் கடைசித் தேதி. நீ அங்கிருந்து தனியாக அனுப்பி, அது எங்காவது மாட்டிக்கொள்ள வேண்டாம். பூர்த்தி செய்து என்னிடம் கொடுத்துவிடு. இரண்டையும் சேர்த்து நானே பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

இங்கே நிலைமை பழைய நிலைமைதான். இந்த வருஷமும் ஜூனில் புதிதாக உத்தரவு போட்டு, ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன் பக்கத்துக் கல்லூரியில் நிரந்தரமாகிவிட்டான். எதிரே வந்தால் "சார்" என்று கும்பிடுகிறான். அந்தக் கும்பிடுதான் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் கல்யாணத்துக்குப் பெண் கேட்டால், வேலை நிரந்தரமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு இந்தத் தேர்வை விட்டால் வேறு வழி இல்லை, மாப்பிள்ளை.

முதல் கேள்வி: ஊக வணிகம் விலையை நிலைப்படுத்துமா, குலைக்குமா? இரண்டு பக்கத்துக்குள் எழுது.

ராஜமேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அருள்சாமி


மரியே துணை
காரிமங்கலம்
1.10.1989

அன்புள்ள மச்சான்,

கொத்தவால்சாவடியில் உன்னைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. படிவத்தை உன் கையில் கொடுத்ததும் நெஞ்சில் இருந்த மூட்டை இறங்கியது. என் போட்டோவைப் பார்த்துப் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது என்றாயே, உன் தங்கையும் அதையேதான் சொன்னாள். ஒரே இரத்தம்.

ஊக வணிகத்துக்கு எழுதிய பதில் இத்துடன் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை முதல் பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். சித்தேரி மலையில் மரத்தில் பிஞ்சு இருக்கும்போதே மகசூலைப் பேசி முடிக்கிறோம். காய்ப்புக் குறைந்தால் நஷ்டம் எனக்கு, கூடினால் வருத்தம் மரத்துக்காரருக்கு. ஆக விலை நிலைக்கிறதா குலைகிறதா என்பது அந்த ஊருக்கு எத்தனை வியாபாரி ஏறி வருகிறான் என்பதைப் பொறுத்தது. ஒரே ஒருவன் போனால் அவன் சொன்னதே விலை. நானே அப்படி ஒருவனாகப் போயிருக்கிறேன். தேர்வுத்தாளில் இப்படி எழுதலாமா என்று சொல்.

ராஜமேரிக்கு மனத்தாங்கல். புளியில் கொட்டை எடுக்க வருகிற பெண்களுக்கு எடை போட்டுக் கொடுக்கிற வேலை முழுக்க இப்போது அவள் தலையில். "புத்தகத்தக் கட்டிக்கிட்டு அழறதுக்கு என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று நேற்றுக் கேட்டாள். சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் ஒரு வரி எழுது. அண்ணன் சொன்னால் கேட்பாள்.

உன்
பிலவேந்திரன்


சென்னை
24.10.1989

பிரியமுள்ள மாப்பிள்ளை,

பதில் தாமதம், மன்னிக்க வேண்டும். விடைத்தாள் திருத்துகிற வேலை.

விண்ணப்பங்கள் இரண்டும் போய்விட்டன. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உன் பதிலை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிஞ்சிலேயே மகசூல் பேசுகிற இடத்தில் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் வகுப்பில் அப்படி அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துறைத்தலைவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "யாரய்யா இவர், எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். புளி வியாபாரி என்றேன். "இவரை எழுதச் சொல்லுங்கள், கட்டாயம் தேறிவிடுவார்" என்றார். நானும் எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "நல்லது நல்லது" என்றார்.

அடுத்த கேள்வி அப்புறம் அனுப்புகிறேன். கொஞ்சம் வேலை அதிகம்.

அருள்சாமி


மரியே துணை
காரிமங்கலம்
1.12.1989

அன்புள்ள மச்சான்,

நவம்பர் முழுக்க உன்னிடமிருந்து ஒரே ஒரு கார்டு. அதில் உனக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்று ஒரு வரி. மகிழ்ச்சி. எனக்கு வரவில்லை.

தபால் ஆபீசில் தினமும் போய் நிற்கிறேன். தபால்காரர் தர்மன் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்புகிறார். "வந்தா நான் குடுக்க மாட்டேங்களா? நான் என்ன அத வெச்சுப் பரீச்சையா எழுதப் போறேன்?" என்று நேற்றுக் கோபித்துக்கொண்டார். அவர் கேட்பதும் நியாயம்.

உன்னிடம் பதிவுத் தபால் ரசீது இருக்கும். நான் அன்றைக்கே அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எங்கள் மண்டிப் பழக்கம் உனக்குத் தெரியும். வெளியாளிடம் ஒரு தேங்காய்க்கும் சீட்டு வாங்குவோம். கூட்டாளியிடம் சீட்டுக் கேட்கமாட்டோம். கேட்டால் அன்றோடு கூட்டு முறிந்தது என்று அர்த்தம். பரீச்சைக்குப் போகிறவன் மண்டிப் புத்தியோடு நடந்துகொண்டேன். பரவாயில்லை. அந்த ரசீது எண்ணை உடனே எழுது.

எப்படியும் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை சென்னைக்கு வருகிறேன். விண்ணப்பங்களை வாங்கிய பல்கலைக்கழகத்திலேயே போய்க் கேட்டுவிடலாம். நீ கூட வந்தால் போதும், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாதமாகப் படித்திருக்கிறேன் மச்சான். தாளில் என்ன கேட்டாலும் எழுதுவேன் என்ற நம்பிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது.

உன்
பிலவேந்திரன்


சென்னை
6.12.1989

மாப்பிள்ளை,

நீ சென்னைக்கு வர வேண்டாம். பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பயனில்லை. உன் விண்ணப்பம் அங்கே இல்லை. நான் அனுப்பவில்லை.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ராஜமேரி எனக்கு எழுதினாள். இவர் தேறினால் எந்த ஊர்க் கல்லூரிக்கோ போய்விடுவார், கட்டிய மண்டி கலைந்து போகும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் அண்ணா என்று அழுது எழுதினாள். அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு நான்தானே. தங்கையின் கண்ணீரா, நண்பனின் ஆசையா என்று வந்தபோது நான் தங்கையின் பக்கம் நின்றேன். அதற்காகத்தான் உன் படிவத்தை நிறுத்தினேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான், இரண்டும் போய்விட்டன என்று எழுதினேன்.

அவளைக் கோபிக்காதே. பெண்பிள்ளை, பயம்தான் காரணம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அடுத்த தேர்வு வரும். அப்போது நானே உனக்கு எல்லாம் செய்கிறேன்.

அருள்சாமி


காரிமங்கலம்
12.12.1989

மைத்துனர் அருள்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. சந்தை முடிகிறவரை பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபத்தில் பேசிய விலை நிற்காது. இன்று சந்தை முடிந்தது. கோபமும் முடிந்தது. இப்போது எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்த அன்று ராஜமேரியிடம் எதுவும் காட்டவில்லை. சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"உங்கண்ணனுக்கு ஏதாச்சும் எழுதினியா?"

பொய் சொல்லத் தெரியாதவள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதினேங்க. கல்லறைத் திருநாளன்னிக்கு அப்பாவுக்கு மெழுவத்தி ஏத்திட்டு வந்தேன். வூட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. உக்காந்து எழுதினேன். நீங்க வேற ஊருக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன், அவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுண்ணான்னு எழுதினேன். தப்புங்களா?"

"தப்பில்ல. அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் எழுதினியா?"

"எதுக்கு எழுதறேன்? நீங்கதான் எழுதறீங்களே. எனக்கும் சேத்துத்தான் எழுதறீங்கன்னு இருந்தேன்."

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அக்டோபர் நடுவில். இரண்டும் போய்விட்டன என்று நீங்கள் எழுதியதும் அக்டோபரில். என் தங்கை அழுதாள், அதனால் நிறுத்தினேன் என்கிறீர்கள். நிறுத்திய பிறகுதான் அவள் அழுதிருக்கிறாள். செய்ததற்குக் காரணம் பிறகு தேடிக்கொண்டு வந்தால், கொட்டாங்குச்சி அளவு புத்தி உள்ளவனும் கண்டுபிடிப்பான். நான் வியாபாரி.

காரணத்தை நானே சொல்கிறேன். உங்கள் துறைத்தலைவர் புளிக்காரன் தேறிவிடுவான் என்று சொன்னார். உங்களைப் பார்த்து நல்லது நல்லது என்றார். அவர் சொல்வதற்கு முன்பே என் பதிலைப் படித்து உங்களுக்கு அது தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தவர் தேறாமல் போய், தபாலில் படித்தவன் தேறிவிட்டால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்று பயந்தீர்கள். பயந்தது குற்றமில்லை. என்னிடம் வந்து, "இந்தத் தடவை நீ எழுதாதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால், படிவத்தை உங்கள் எதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

படிவத்தை நிறுத்தியதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். தப்பித்துக்கொள்ள அந்தப் பழியைக் கூடப் பிறந்தவள் மேல் இறக்கினீர்கள். நான் ஒரு முன்கோபக்காரனாக இருந்து, அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? இந்த வீட்டில் அவள் எப்படி நிற்பாள் என்று யோசித்தீர்களா? யோசிக்கவில்லை. உங்களுக்குப் பதினைந்தாம் தேதி நான் சென்னைக்கு வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வைக்கவும் மாட்டேன். ஹால் டிக்கெட் தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தபால்காரர் தர்மனுக்குத் தினமும் சாபம் கொடுக்கிறாள். அவரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் இப்படிப்பட்டவர் என்று அவள் தெரிந்துகொண்டு ஆகப் போவது என்ன?

நேற்று ராத்திரி அவளே கேட்டாள். "அடுத்த தடவை எப்பங்க வைப்பாங்க? படிங்க. நான் கொட்டைக்காரங்களப் பாத்துக்கறேன். வேற ஊருன்னா வேற ஊரு, நானும் வரேன்" என்றாள். புத்தகத்தை அவளே எடுத்துத் துடைத்து வைத்தாள். அடுத்த விண்ணப்பத்தை வாங்கவும் கொடுக்கவும் நானே சென்னைக்கு வருவேன். உங்கள் அறைக்கு வரமாட்டேன்.

உங்கள் தேர்வை நன்றாக எழுதுங்கள். மனதாரத்தான் சொல்கிறேன். இதற்கும் மேல் நீங்கள் தேறாமல் போனால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவள் கேட்பாள், நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைகள் மாமா வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பூசைக்குச் சேர்ந்தே போகலாம், சேர்ந்தே சாப்பிடலாம். படிப்பு, பரீச்சை, சேலத்து பெஞ்சு, இதெல்லாம் என்னிடம் எடுக்க வேண்டாம். பேச ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் புளி என்ன விலை போகிறது என்று கேளுங்கள். சொல்கிறேன்.

இப்படிக்கு,
ம. பிலவேந்திரன்
புளி மொத்த வியாபாரம்
காரிமங்கலம்