நான் அவளிடம் கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

தொழிற்சாலை விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதுவது என் பணி. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வழங்கும் பெயர் 'ஏன் சார்'. இங்கும் அதுவே இருக்கட்டும். கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை. விழுங்குவதில் மாற்றம் ஏதும் தெரிந்தால் குறித்து வருமாறு தொண்டை மருத்துவர் சொன்னார். அதன் பொருட்டே இதைத் தொடங்குகிறேன். வேறு நோக்கம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெளியே காத்திருந்த மனைவி, "சிகரெட் இல்ல, புகையிலை இல்ல, குடி இல்ல. உங்களுக்கு என்ன வந்துடப்போகுது? உள்ள டாக்டரைத்தான் ஏன் ஏன்னு கேட்டு அழவெச்சிருப்பீங்க" என்றாள். சிரித்தேன். விழுங்குவதில் மாற்றம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

புற்றுநோய்.

மார்ச் 14, வெள்ளி

இடது டான்சிலில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. காரணம் எச்பிவி என்னும் வைரஸ். உடலுறவால் பரவுவது, தொண்டைக்கு வருவது பெரும்பாலும் வாய்வழி உறவால். மனைவி அருகிலிருக்க, மருத்துவர் எதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வந்து தானாவே போயிடும் சார். சில பேருக்குத்தான் போகாம உள்ளயே தங்கி, இருபது முப்பது வருஷம் கழிச்சு இப்படிக் காட்டும். யார்கிட்டேருந்து, எப்பன்னு கண்டுபிடிக்க வழியில்ல. தேடவும் தேடாதீங்க. இந்த வகை, சிகிச்சைக்கு நல்லாவே கட்டுப்படும்."

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். பள்ளியிலேயே போட்டாயிற்று என்றாள் மனைவி. அந்த ஊசி இதற்கானது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கண்டுபிடிக்க வழியில்லை. இந்தச் சொற்களை எந்த அறிக்கையிலும் நான் அனுமதித்ததில்லை.

மார்ச் 16, ஞாயிறு

என் வாழ்வில் மனைவியைத் தவிர எவரும் இல்லை. இது உறுதி. எனவே—

எனவே என்று எழுதிய பிறகு பேனா நகரவில்லை.

என்னை மணந்தபோது அவள் கணவரை இழந்தவள். இரண்டே ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தாள். அவர் சாலை விபத்தில் இறந்தார். அவரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை என்பது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. இருபத்தைந்து ஆண்டுகள் அதை மீறவில்லை.

மார்ச் 17, திங்கள்

கேட்டுவிட்டேன்.

சாட்சியை எதிரே அமர்த்த வேண்டும். ஒரு விடை வந்ததும் அதற்கு முந்தி நடந்ததைக் கேட்க வேண்டும். மூலக் காரணம் கிடைக்கும்வரை நிறுத்தக் கூடாது. எங்கள் துறையின் முறை அது. அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன்.

"அவருக்கு உன்னைத் தவிர யாராவது இருந்தாங்களா?"

"தெரியாது."

"உன்னைக் கட்டறதுக்கு முன்னாடி?"

"தெரியாதுங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்... உனக்கு?"

கேட்டது நான்தான். இந்த வாய்தான்.

அவள் கத்தவில்லை. "செத்தவரைக் கூண்டுல ஏத்தியாச்சு. இப்ப நானா?" என்றாள். எழுந்து தன் தட்டைக் கழுவினாள். என் தட்டையும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

கதிர்வீச்சு தொடங்கியது. முகத்தின்மேல் வலைபோன்ற முகமூடியைக் கவிழ்த்து மேசையோடு பூட்டிவிடுகிறார்கள். வெளியே வந்தால் அவள் நிற்கிறாள், கையில் வடிகட்டிய சூப். ஒவ்வொரு நாளும் வருவதாகச் சொன்னாள். வீட்டுக்கு வா என்றேன். மூடியைத் திறந்து, "ஆறிடும், குடிங்க" என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

தொண்டை முழுதும் புண். எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. நாக்கில் எந்தச் சுவையும் இல்லை.

பேச முடியாமல் பேசினேன்: தப்பு என்னோடது, மன்னிச்சுடு.

"மன்னிச்சாச்சுங்க. ஆனா நான் அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா, கட்டி கரைஞ்சிருக்குமா?"

சூப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அந்த மேசைல உக்காந்து இனிமே எனக்குச் சோறு இறங்காது. நீங்க குணமாகற வரைக்கும் வருவேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

மே 11, ஞாயிறு

என் அக்கா தொலைபேசியில்: "புருஷன் சாகக் கெடக்கறப்ப அண்ணன் வீட்டுக்கு ஓடினவளை இனிமே வாசல்ல சேர்க்காதடா. நீ ஒரு ஏமாளி. உன் பொண்ணே அவகூடப் பேசறதில்ல, தெரியுமா?"

தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. மனைவியும் சொல்லவில்லை. எனக்கு வந்தது எப்படிப்பட்ட நோய், தான் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது அக்காவின் பேச்சிலிருந்தே புரிந்தது. அது என் மானம் என்று நினைத்திருக்கிறாள். மகள் பேசாததையும் சேர்த்துச் சுமந்துகொண்டா தினமும் வந்தாள்?

ஏதோ சொல்ல முயன்றேன். குரல் காற்றாகப் போயிற்று. "பேசாதே, ரெஸ்ட் எடு" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மே 23, வெள்ளி

கடைசிக் கதிர்வீச்சு. நோய் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருப்பதாக மருத்துவர் மகிழ்ந்தார். மனைவி அவருக்குக் கைகூப்பினாள். வாசல் வரை என்னோடு நடந்தாள். பிறகு எதிர்த் திசையில் போகும் பேருந்தில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன்.

நாளை காலை அக்கா வீட்டுக்குப் போவேன். மகளையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். இருக்கிற குரலில் சொல்வேன்: எனக்கு வந்தது உடலுறவால் பரவும் கிருமி. யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது; என்னாலும் முடியாது. அவள் ஓடிப்போகவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டு நான்தான் அனுப்பினேன். மகளே, இன்றே உன் அம்மாவிடம் போ.

அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கமாட்டேன்.