மாமா கட்டிக்கொண்ட வாட்ச்

மாமா,

இன்று காலை என் ஸ்கூல் கவுனின் ஓரம் பிரிந்துவிட்டதென்று அம்மா தைக்க உட்கார்ந்தாள். "அந்தத் தலகாணிய எடுடீ" என்றாள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் ஒரே ஒரு பொருள்தான். உங்கள் வாட்ச் பெட்டிக்குள் வந்த, கோழிமுட்டை அளவுச் சந்தன நிறத் தலையணை. இப்போது அதன் உடம்பெல்லாம் ஊசி. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறந்த அன்று வந்த அந்தப் பணக்கார வாசனை போய்விட்டது, இரும்பு வாசனைதான் அடிக்கிறது. குண்டூசி ஒன்று விரலில் குத்தியது. கண் கலங்கியதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று அதற்கு நன்றி சொன்னேன்.

அந்தத் தலையணையை முதன்முதலில் பார்த்தபோது நான் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "வாட்சுக்குத் தலகாணி இருக்கு. பாய் எங்க மாமா?"

பண்டாரவளைக் குளிரிலும் ஏசி போட்டிருந்த கடை அது. நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியின் நுனியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். டை கட்டிய விற்பனையாளர் கறுப்புத் துணி விரித்த தட்டில் வாட்சைக் கொண்டுவந்து வைத்தார். சுவிஸ் வாட்ச். முதுகுப் பக்கமும் கண்ணாடி. உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"பேட்டரி இல்ல சேர். கை ஆடினாப் போதும், ஓடும்."

"பசறை ரோட்டுல வேன் ஓட்டுறேன். கை ஆடுறதுக்கா குறை?" என்றீர்கள்.

"யாருக்கு சேர்? மாப்பிள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப நீங்கதான் மாப்பிள்ளையா?"

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்துவிட்டேன். "ஆமாங்க. பொண்ணுதான் இன்னும் கிடைக்கல. அதுவும் இங்க விக்கிறீங்களா?"

அந்த மனிதர் கேட்டதில் தப்பில்லை. நம் தேயிலைத் தோட்ட லயத்தில் ஆம்பளை கைக்கு நல்ல வாட்ச் ஏறுவது ஒரே ஒரு நாள்தான். கல்யாணத்தன்று பெண்வீட்டார் கட்டிவிடுவார்கள். மற்றதெல்லாம் ரோட்டோரத்தில் வாங்கி, மணிக்கட்டைப் பச்சையாக்கிவிட்டு நின்றுபோகிற சாமான்கள். நீங்கள் அம்மாவையும் சித்தியையும் கட்டிக்கொடுத்து, இரண்டு மாப்பிள்ளைகளின் கையிலும் வாட்ச் கட்டியவர். உங்கள் கைக்குக் கட்ட ஆள் வரவில்லை. நாற்பத்தொரு வயதாகிவிட்டது. கடைக்குப் போகிற வழியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னீர்கள்: "எவனாச்சும் கட்டி விடுவான்னு எத்தன வருஷம்டி கையை நீட்டிக்கிட்டே இருக்கிறது?"

ஸ்கூல் வேன் ஓட்டி இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தீர்கள். விற்பனையாளர் வாட்சை உங்கள் கையில் மாட்ட வந்தபோது கையை இழுத்துக்கொண்டீர்கள். என் பக்கம் நீட்டினீர்கள்.

"நீ கட்டி விடு மருமகளே."

அதற்கும் ஒரு பகிடி என்னிடம் தயாராக இருந்தது. வெளியே வரவில்லை. கொக்கியை அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். நீங்கள் கையைத் தூக்கி, திருப்பி, சட்டைக் கையை மேலே தள்ளி, மறுபடி இறக்கிவிட்டுப் பார்த்தீர்கள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் கைவைத்தாள். "பொண்ணக் கட்டுடான்னா வாட்சக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்."

"மூணு முடிச்சுப் போடச் சொன்னா மூணு முள்ளோட வந்துட்டாரும்மா" என்றேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீங்கள்தான். என் பகிடிக்கெல்லாம் முதல் சிரிப்பு உங்களுடையது. வேனின் பின் கண்ணாடித் தூசியில் 'மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார், ஹாரன் அடிக்கவும்' என்று விரலால் எழுதிவிட்டேனே. ஒரு நாள் முழுக்கப் பதுளை வரை போய்வந்தீர்கள். "இன்னைக்கு எல்லாப் பயலும் எதுக்குடி ஹாரன் அடிக்கிறான்" என்று கேட்டபடி வந்து இறங்கி, பின்னால் போய் வாசித்துவிட்டு, அதை அழிக்காமலே அடுத்த நாளும் ஓட்டினீர்கள்.

வாட்ச் வந்த பிறகு நீங்கள் போனில் மணி பார்ப்பதை விட்டுவிட்டீர்கள். "போன் பேசுறதுக்கு" என்பீர்கள். எங்கள் சுவர்க் கடிகாரம் கால் மணி முந்தி ஓடுகிற பொய்க்காரன் என்பதால் அம்மாவும் உங்களிடம்தான் மணி கேட்பாள். லயத்தில் குழாயடிக்கு வருகிறவர்கள்கூட "தம்பி, சுவிஸ்ல மணி என்ன?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் கையைக் குலுக்கி, வினாடியோடு சொல்வீர்கள்.

வாட்ச் வந்த யோகமோ என்னவோ, நாலே மாதத்தில் ஒரு சம்பந்தமும் வந்தது. கொஸ்லந்தையில் முன்பள்ளி டீச்சர். ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் வாசற்படி ஏறிவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா போனில் இரண்டு தடவை சொன்னார். அந்த வாரம் முழுக்க அம்மா அடுப்படியில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிட்டா இவன் அங்கிட்டே போயிருவான். வயசான தகப்பன், தனியா விட முடியாதுல்ல."

அது என் காதில் விழுந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வேன் கழுவும்போது வாட்சைக் கழற்றி என்னிடம் தந்தீர்கள். "தண்ணி படாம வச்சிரு." நான் வேனுக்குப் பின்னால் போய், திருகை இழுத்து, முள்ளை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன். பகிடிதான் மாமா. காலையில் நீங்கள் அம்மாவிடம் பிழையான மணி சொல்வீர்கள், நான் போனைத் தூக்கிக் காட்டி, சுவிஸ்காரனையே கவிழ்த்துவிட்டேன் என்று கைதட்டுவேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடமாக அப்படியே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

காலையில் நீங்கள் மணி சொன்னீர்கள். நான் போனைத் தூக்கவில்லை.

பசறையிலிருந்து கொஸ்லந்தைக்கு அது எவ்வளவு நீளமான ரோடு. அம்மா தேசிக்காயை மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள், வளைவு என்றால் அவளுக்கு வாந்தி. வேனில் இருந்த கடிகாரம் செத்துப்போய் வெகுகாலம். அப்புத்தளை தாண்டி இறங்கும்போது என் போனில் மணி நாலாகப் போகிறது. உங்கள் கையில் மூன்றரை. வளைவு ஒன்றில் வேனை ஓரங்கட்டினீர்கள். கண்ணாடியைத் திருப்பித் தலை சீவினீர்கள். பழைய சட்டையைக் கழற்றிவிட்டு, மடிப்புக் கலையாமல் தொங்கவிட்டிருந்த நீலச் சட்டையை மாட்டினீர்கள். முகத்தில் பவுடர் அதிகமாகிவிட்டதென்று துடைத்தீர்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"மருமகளே, இன்னும் நேரம் இருக்கில்ல?"

போன் என் கையில் இருந்தது.

"இருக்கு மாமா" என்றேன்.

நாங்கள் போய் நின்றபோது பெண்ணின் அப்பா கேட்டடியில் காத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. கும்பிட்டார். கேட்டைத் திறக்கவில்லை. "குறை நினைக்காதீங்க. வாங்கன்னு கூப்பிட முடியலைங்களே. ராகு காலம் பொறந்து அஞ்சு நிமிஷமாச்சு."

நீங்கள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். நாலு மணி, ஐந்து நிமிடம். அவருடைய தலைக்குப் பின்னால், திறந்த கதவு வழியாகச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அதையும் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஒரு தடவைதான்.

"எம் பிழைங்க" என்றீர்கள். "புது வாட்ச். எனக்கு வச்சுப் பழக்கமில்ல."

ஆறு மணி வரைக்கும் வேனுக்குள் இருந்தோம். அம்மா உங்களைத் திட்டித் தீர்த்தாள். "பெரிய சுவிஸ். தூக்கி ஆத்துல போடு." நடுவில் டீச்சரே தட்டோடு வெளியே வந்தார். மெலிந்த ஆள், கண் மட்டும் பெரிசு. "உள்ள வர்றதுக்குத்தான் ராகு காலம். தேத்தண்ணி குடிக்க இல்ல" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். உங்கள் கையைப் பார்த்துவிட்டு, "வாட்ச் வடிவா இருக்கு. ஓடுமா?" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஓடும் டீச்சர். மெதுவா, ஆறுதலா ஓடும்."

அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் பொருந்திப் போயிருக்கும் மாமா. என் பகிடிக்குச் சரிக்குச் சரி நிற்கக்கூடிய ஒரு அத்தை.

ஆறு மணிக்கு மேல் உள்ளே போய்க் கேசரி சாப்பிட்டோம். பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய கண் அடிக்கடி சுவரில் போய் நின்றது. அடுத்த வாரம் போன் வந்தது. நேரம் கூடி வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்கள். ஜாதகத்தில் ஏதோ இருந்திருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொன்னாள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பெரிய முள்.

அன்று திரும்பி வந்து, அம்மா இறங்கி உள்ளே போன பிறகு, நீங்கள் வேனை அணைக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். வாட்சைக் கழற்றி என் மடியில் வைத்தீர்கள்.

"நீ திருப்புனத நீயே திருப்பு."

திருகு இரண்டு தடவை வழுக்கிற்று. சரியான மணி வைத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டீர்கள்.

"அக்காகிட்டச் சொல்லிக்கிடாத. அடிப்பா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. வேறு பெண் பார்க்கவும் போகவில்லை. என் பகிடிகளுக்கு முன்போலவே முதல் ஆளாகச் சிரித்தீர்கள். அது எனக்குத் தண்டனை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

போன வருட மழையில் உங்களைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுவலி என்றார்கள். மூன்றாம் நாள் பார்க்கிற நேரத்துக்கு நான் தனியாக வந்தேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை வரிசையாக்கிக்கொண்டு வந்தேன். பகிடி ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். உங்கள் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் வாட்சைக் கழற்றி என்னிடம் தந்திருந்தார்கள். என் கையில் அது வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"மணி என்ன மருமகளே?"

"பன்னிரண்டு நாற்பத்திரண்டு மாமா."

நீங்கள் தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "நீ சொன்னா நம்பலாமா?"

"நம்பலாம் மாமா."

"அப்ப ஒரு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. பேசு."

நான் பேசினேன். சயன்ஸ் வாத்தியாரின் நாற்காலிக்கு அடியில் தவளையை வைத்த கதையைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் மூக்கால் இழுக்கிற குறட்டையைச் செய்துகாட்டினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நர்ஸ் வந்து என்னை முறைத்தார். மணி அடித்தது. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியற்காலையில் போன் வந்தது.

பதினெட்டு நிமிடம் தந்தீர்கள். நான் தவளைக் கதை சொன்னேன்.

ஆகவே இதை எழுதுகிறேன் மாமா. முள்ளைச் சரியாக வைக்க நான் மறக்கவில்லை. அது பகிடியும் இல்லை. கொழும்பில் வேலை செய்கிற அப்பா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு நீங்கள்தான். நீங்கள் கொஸ்லந்தைக்குப் போய்விட்டால் வேனில் முன் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். என் பகிடிக்கு முதலில் சிரிக்க ஆள் இருக்காது. அதற்காக, உங்கள் கையை மறுபடியும் சும்மா நீட்ட வைத்தேன்.

வாட்ச் என்னிடம்தான் இருக்கிறது. நான்கு கண்ணி கழற்றினால் கைக்குப் பிடிக்கும். கழற்றவில்லை. வகுப்பில் மதியம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு ஆனதும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கிறவள், "ஏன்டி, உனக்குத் தினமும் இந்த நேரத்துக்கு ஏதோ பிடிச்சிருதே" என்று கேட்கிறாள். ஒரு மணி வரைக்கும் நான் அங்கே இல்லை. வேனில் இருக்கிறேன். அம்மா பின்னால் தேசிக்காயோடு தூங்குகிறாள். அப்புத்தளை தாண்டிப் பனிமூட்டம். இன்று அந்த வளைவில் நீங்கள் நீலச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பி, அதையே கேட்டீர்கள்.

"நேரமில்ல மாமா" என்றேன். "வண்டிய எடுங்க."